வெட்டாமல் எடுத்தாலும் உடம்புக்குத் தெரியும்

பித்தப்பை ஆபரேஷனில் ஒரு கட்டம் உண்டு. நோயாளி தூங்கிவிட்டார், தொண்டைக்குள் குழாய் போட்டாயிற்று. சர்ஜன் தொப்புளை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, அதன் வழியே கார்பன் டை ஆக்சைடு வாயுவை வயிற்றுக்குள் ஏற்ற ஆரம்பிக்கிறார். வயிறு மெல்ல உப்புகிறது. பித்தப்பையை இன்னும் யாரும் தொடவே இல்லை, கேமராகூட உள்ளே போகவில்லை. அதற்குள் மானிட்டரில் ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கிவிடும், நாடியும் கூடும். சிலருக்கு நேர்மாறாக நாடி சட்டென்று விழும். அப்போது வாயுவை வெளியேற்றச் சொல்லிவிட்டு, நாடியைக் கூட்டும் அட்ரோப்பின் ஊசியோடு நிற்போம்.

மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. கொங்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர ஊர். பித்தப்பைக் கல்லோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது "கேமரா ஆபரேஷன்தானுங்களே?" என்றுதான். சிலர் லேசர் என்பார்கள், இதில் லேசர் எதுவும் கிடையாது. நாங்கள் தியேட்டருக்குள் 'லேப்' என்போம், வயிற்றைத் திறந்து செய்வதை 'ஓப்பன்' என்போம். பெயர் எதுவானாலும் வீட்டுக்காரர்கள் மனதில் இருக்கும் கணக்கு ஒன்றுதான்: ஓட்டை சின்னது, அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் கணக்கு பாதி சரி. மீதிப் பாதி தெரியாததால் வீட்டுக்குப் போன பிறகு கஷ்டப்படுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காயம் பட்டால் உடம்பு முழுக்க என்ன நடக்கிறது என்பதை முதலில் ஒழுங்காக அளந்து பார்த்தவர்களில் டேவிட் கத்பர்ட்சன் முக்கியமானவர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் உயிர்வேதியியலாளராக இருந்தவர். 1930 வாக்கில் கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரைச் சேகரித்து, அதில் எவ்வளவு நைட்ரஜன் வெளியேறுகிறது என்று பார்த்தார். நைட்ரஜன் போகிறது என்றால் புரதம் கரைகிறது என்று பொருள். அடிபட்ட இடத்திலிருந்து மட்டும் இவ்வளவு புரதம் வர வழியில்லை என்பது அவருக்குப் புரிந்தது. முறிந்தது ஒரு கால், ஆனால் கரைந்தது உடம்பு முழுக்க உள்ள தசை. 1942-ல் அவர் இதை இரண்டு கட்டமாகப் பிரித்துக் காட்டினார்: அடிபட்டதும் உடம்பு ஒடுங்கிக் கிடக்கும் சிறிது நேரம், அப்புறம் எல்லாம் வேகமெடுத்து உள்ளிருப்பைக் கரைக்கும் பல நாட்கள்.

ஏன் இப்படி? காட்டில் அடிபட்டுக் கிடக்கும் விலங்கு இரை தேடப் போக முடியாது. குடிக்கத் தண்ணீரும் கிடைக்காது. அதனால் தண்ணீரையும் உப்பையும் வெளியே விடாமல் பிடித்துவைத்து, தசையைக் கரைத்துச் சர்க்கரையாக்கி, மூளைக்கும் ஆறவேண்டிய புண்ணுக்கும் அனுப்பி அது உயிர் பிழைக்கிறது. குளுக்கோஸ் ஏற்றவும் ஆன்டிபயாடிக் போடவும் ஆள் இருக்கும் ஆஸ்பத்திரியில் இந்தப் பழைய ஏற்பாட்டுக்கு அவ்வளவு தேவை இல்லை. ஆனால் சர்ஜனின் கத்திக்கும் புலியின் பல்லுக்கும் உடம்பு வித்தியாசம் பார்ப்பதில்லை.

அடிபட்டது என்ற செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. 1959-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் எக்டால் நாய்களிடம் ஒரு சோதனை செய்தார். படிக்கவே மனசு கஷ்டப்படும் சோதனை. மயக்க நிலையில் இருந்த நாயின் ஒரு காலை, ரத்தக்குழாய்களாலும் நரம்பாலும் மட்டும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி வைத்து அதில் காயம் உண்டாக்கினார். அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் பொங்கியது. நரம்பைத் துண்டித்துவிட்டு, ரத்த ஓட்டத்தை மட்டும் விட்டுவைத்து அதையே செய்தபோது பொங்கவில்லை. அதாவது கார்டிசால் ஏறுவதற்கான சேதி நரம்பு வழியாகவே போகிறது. அது முதுகுத்தண்டு வழியே மூளையில் உள்ள ஹைபோதலாமஸுக்குப் போய், பிட்யூட்டரிக்கு இறங்கி, அங்கிருந்து சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனலுக்கு உத்தரவாக வந்து சேர்கிறது. பெரிய ஆபரேஷனில் கீறல் போட்ட சில நிமிடங்களிலேயே இது தொடங்கிவிடும். லிட்டருக்கு 400 நானோமோல் அளவில் இருந்த கார்டிசால் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் 1500-ஐத் தாண்டிப் போகலாம். அட்ரினலினும் நார்அட்ரினலினும் கூடவே ஏறும்.

இரண்டாவது வழி ரத்தம். வெட்டுப்பட்ட சதையிலும் அங்கே கூடும் வெள்ளணுக்களிலும் சைட்டோகைன்கள் என்ற சின்னச் சின்னப் புரதங்கள் உண்டாகி ரத்தத்தில் கலக்கின்றன. அதில் தலைமை இன்டர்லூகின்-6. குறிப்பிடத்தக்க அளவுக்கு ஏற இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும், பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். அது போய்க் கல்லீரலைத் தட்டியதும் கல்லீரல் வழக்கமான வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. போன்ற புரதங்களைத் தயாரிக்கும். அதனால் சி.ஆர்.பி. உச்சத்துக்கு வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். முதல் வழி தொலைபேசி என்றால் இது தபால். ஆனால் தபாலில் ஒரு நேர்மை இருக்கிறது: எவ்வளவு சதை சேதப்பட்டதோ, அனேகமாக அந்த அளவுக்குத்தான் எண்ணும் ஏறும்.

பித்தப்பையை முதன்முதலில் அறுத்து எடுத்தவர் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக், 1882 ஜூலை 15. அதன் பிறகு ஏறக்குறைய நூறு வருடம் வேறு வழி இல்லை. வலது விலா எலும்புகளுக்குக் கீழே சாய்வாக ஒரு நீண்ட கீறல், அதற்கு அடியில் வயிற்றுச் சுவரின் தசைகள் குறுக்கே வெட்டப்படும். 1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் போப்லிங்கன் என்ற சின்ன ஊரில் எரிக் மியூஹே துளை வழியாகக் கருவியை விட்டுப் பித்தப்பையை எடுத்தார். அடுத்த வருடம் ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தில் அதைச் சொன்னபோது பெரியவர்கள் யாரும் மதிக்கவில்லை. ஒரு நோயாளி இறந்ததை வைத்து அவர் மேல் வழக்கே நடந்தது, 1990-ல் விடுதலையானார். அதற்குள் 1987-ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் பிலிப் மூரே வீடியோ முறையில் செய்து, அந்த வழி உலகமெங்கும் பரவியிருந்தது. 1992-ல் அதே ஜெர்மன் சங்கம் மியூஹேயை அழைத்து கௌரவித்தது. இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டெஹெம்டன் உத்வாடியா முதல் கேஸைச் செய்தார்.

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இது கிடைப்பதற்கரிய வாய்ப்பு. எடுப்பது அதே உறுப்பு, கட்டுவது அதே தமனி, அதே குழாய். மாறுவது போகும் பாதை மட்டும். அப்படியானால் உடம்பின் பதிலில் எவ்வளவு பங்கு பாதையால் வருகிறது, எவ்வளவு உள்ளே நடக்கும் வேலையால் வருகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். 1992-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் ஜான் ஜோரிஸும் கூட்டாளிகளும் இரண்டு வகை நோயாளிகளின் ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டார்கள். லேப் செய்தவர்களிடம் இன்டர்லூகின்-6, சி.ஆர்.பி., ரத்தச் சர்க்கரை எல்லாம் குறைவாகவே ஏறியிருந்தன. கார்டிசாலும் அட்ரினலின் வகையறாவும் மட்டும் இரு தரப்பிலும் ஒரே மாதிரி ஏறியிருந்தன. பிறகு வேறு பல இடங்களில் செய்த ஆய்வுகளிலும் பொதுவாக இந்தப் போக்குதான் தெரிந்தது.

முதலில் படித்தபோது இதை என்னால் சரியாக உள்வாங்க முடியவில்லை. வலி இவ்வளவு குறைகிறது, மறுநாளே நடக்கிறார்கள், அப்புறம் கார்டிசால் ஏன் குறையவில்லை? தியேட்டரில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் விஷயம் பிடிபட்டது. வயிற்றின் உள்பக்கம் முழுவதும் பெரிட்டோனியம் என்ற சவ்வு இருக்கிறது. வெட்டினால்தான் அதற்கு உறைக்கும் என்றில்லை, இழுபட்டாலே போதும். 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வாயு ஏற்றும்போது அந்தச் சவ்வு முழுக்க விறைத்து இழுபடுகிறது. அழுத்தத்தில் பெரிய சிரைகள் நசுங்குவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. அதோடு தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்திருப்போம், குடல் கீழே சரிந்து இடம் கொடுக்க வேண்டுமே. வாசோபிரஸின் ஹார்மோன் குபுக்கென்று ஏறும், ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஏற்றிய கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு ரத்தத்தில் கரைந்து, அது தன் பங்குக்கு நரம்பு மண்டலத்தை உசுப்பும். இவ்வளவும் நடக்க வயிற்றுச் சுவரில் நீளமாக வெட்ட வேண்டிய தேவையே இல்லை. கடைசியில் கல்லீரலின் அடியிலிருந்து பித்தப்பையை உரித்து எடுக்கும் வேலை இரண்டு முறையிலும் ஒன்றுதான், அந்தப் பகுதி நரம்புகளுக்கு அது ஒரே செய்தி. வேகஸ் நரம்பு, உதரவிதானத்துக்குப் போகும் ஃப்ரெனிக் நரம்பு எல்லாம் இங்கே சம்பந்தப்பட்டவை. லேப் முடிந்து எழுந்தவர்கள் "வயிறு பரவாயில்லைங்க, தோள்பட்டைதான் வலிக்குது" என்று சொல்வது இந்த ஃப்ரெனிக் நரம்பின் வேலை. மேல்வயிற்று ஆபரேஷனில் முதுகில் எபிடூரல் என்ற மரத்துப்போகும் ஊசி போட்டால்கூடக் கார்டிசால் முழுதாக அடங்காது. இடுப்புக்குக் கீழே செய்யும் ஆபரேஷனில் அடங்கும். மேலே இருக்கும் நரம்பு வழிகள் அத்தனை.

ஆக, லேப் முறை தபாலைக் குறைத்தது, தொலைபேசியைக் குறைக்கவில்லை. மயக்க மருத்துவர்களுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. ஓட்டை சின்னது என்பதற்காக மருந்தை இளப்பமாகக் கொடுக்கக் கூடாது. இதயம் பலவீனமானவருக்கு வாயு ஏற்றும் அந்தச் சில நிமிடங்கள்தான் ஆபத்தான நேரம். மெதுவாக ஏற்றச் சொல்வதும், அழுத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்வதும், வாயு ஏறும் முன்பே வலிமருந்தை ஆழமாகக் கொடுத்துவைப்பதும் அதற்காகத்தான். நல்ல சர்ஜன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இங்கே இன்னொரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். 1996-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 200 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு லேப், மீதிப் பேருக்குச் சிறு கீறல் வழியாக ஓப்பன் என்று செய்தார்கள். பின்னால் கவனித்த நர்ஸுக்கோ நோயாளிக்கோ எது செய்யப்பட்டது என்று தெரியக் கூடாது என்பதற்காக எல்லோர் வயிற்றிலும் ஒரே மாதிரி பெரிய கட்டுப் போட்டார்கள். அப்படி மறைத்துவைத்துப் பார்த்தபோது ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலோ வேலைக்குத் திரும்பிய காலத்திலோ பெரிய வித்தியாசம் காணவில்லை. எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. உடம்பு கணக்குப் பார்ப்பது எவ்வளவு தசை வெட்டுப்பட்டது என்பதைத்தான், கேமரா இருந்ததா என்பதை அல்ல. "மறுநாளே வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவரும் நர்ஸும் உறவுக்காரரும் நம்பினால் நோயாளியும் போகிறார், அந்த நம்பிக்கைக்கும் இதில் பங்கு உண்டு. லேப் கருவி இல்லாத ஆஸ்பத்திரியில், கை தேர்ந்த சர்ஜன் சிறு கீறலில் செய்து அனுப்பினால் அதை யாரும் இரண்டாந்தரமாக நினைக்க வேண்டியதில்லை.

நீளமான கீறலுக்கு உடம்பு கொடுக்கும் விலையை மூச்சில் பார்க்கலாம். விலாவுக்குக் கீழே வெட்டினால் ஆழமாக மூச்சிழுக்கும் திறன் அடுத்த நாள் ஏறக்குறைய பாதியாகிவிடும். வலியால் இருமக்கூட மாட்டார்கள், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். நான் படித்த காலத்தில் வார்டில் ஓப்பன் நோயாளிகள் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமப் பழகுவார்கள். லேப் வந்த பிறகு அந்தக் காட்சி அருகிவிட்டது. புகைபிடிப்பவர், ஆஸ்துமா உள்ளவர், வயதானவர் ஆகியோருக்கு லேப் செய்த பெரிய உபகாரம் இது.

அடுத்தது சர்க்கரை. நம் ஊரில் இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். கார்டிசால், அட்ரினலின், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் ஏறி இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கின்றன. ஸ்டாக்ஹோமில் ஆண்டர்ஸ் தோரெல், ஓலே யுங்க்விஸ்ட் குழுவினர் 1990-களில் இதை அளந்தார்கள். நீரிழிவே இல்லாதவர்களுக்கு ஓப்பன் முறையில் பித்தப்பை எடுத்த மறுநாள் இன்சுலின் வேலை செய்யும் திறன் சுமார் பாதியாகக் குறைந்திருந்தது, சரியாக இரண்டு மூன்று வாரம் ஆனது. லேப்பில் இந்தக் குறைவு வெகு சிறிது. சிறிதுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருக்கு லேப் முடிந்த அன்று சாயங்காலம் 250 காட்டினால் "அதுதான் சின்ன ஆபரேஷன் ஆச்சே, குளுக்கோஸ் பாட்டிலாலதான் ஏறியிருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது.

ராத்திரி பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மறுநாள் மத்தியானம் வரை கிடக்க வைக்கிற பழக்கத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த தண்ணீர் வகைக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று உலகம் முழுக்க வழிகாட்டுதல்கள் வந்து எவ்வளவோ காலமாகிறது. வெறும் வயிற்றில் நீண்ட நேரம் கிடப்பவரின் உடம்பு, கத்தி படும் முன்பே பஞ்ச நிலைக்குப் போய்விடுகிறது. யுங்க்விஸ்ட் குழு ஆபரேஷனுக்கு முன்பு மாவுச்சத்துக் கரைசல் குடிக்கக் கொடுத்ததும், பிறகு இன்சுலின் எதிர்ப்பு குறைந்ததும் இந்த வழியில் வந்ததுதான். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தக் கரைசலைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது, ஆனால் தண்ணீர் கொடுக்கலாம். ஆபரேஷன் காலை பதினோரு மணிக்கு என்றால், எட்டு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். வயிறு காலியாவது தாமதமாகும் சிலருக்கு மட்டும் மறுப்போம், காரணமும் சொல்வோம்.

டென்மார்க்கில் ஹென்ரிக் கேலெட் என்ற சர்ஜன் இந்தப் பதற்றம் முழுவதையும் எப்படித் தணிப்பது என்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். அந்த வழியில் வந்த ஒரு டேனிஷ் ஆய்வு 2003-ல் வெளியானது: லேப் பித்தப்பை ஆபரேஷனுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு டெக்ஸாமெத்தசோன் 8 மில்லிகிராம் ஒரே ஒரு தடவை கொடுத்தால் வலி, குமட்டல், களைப்பு மூன்றும் குறைந்தன, சி.ஆர்.பி.யும் குறைவாக ஏறியது. டெக்ஸாமெத்தசோன் கார்டிசாலின் இனம். ஆபத்தில் ஏறும் கார்டிசாலை நாம் எதிரியாகவே பார்த்துப் பழகிவிட்டோம், ஆனால் சதையிலிருந்து கிளம்பும் அழற்சிக்குக் கடிவாளம் போடுவதும் அதுதான். இன்று பல இடங்களில் இந்த ஊசியை வழக்கமாகக் கொடுக்கிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொடுத்தால் அன்றிரவு கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும்.

களைப்பு என்றேன். நான் பார்த்தவரை வீட்டில் யாரும் மதிக்காத விஷயம் அதுதான். எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா, லேப் முடிந்து வீட்டுக்குப் போன ஓரிரு நாளில் பத்துப் பேருக்குச் சமையல் செய்ய நின்றார். நான்கு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது, அதுவும் புடவைக்குள். யாருக்குக் கண்ணில் படும்? மத்தியானம் ஆனால் கை கால் ஓய்ந்து உட்கார்ந்துவிடுகிறேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது என்று என்னிடம் போனில் அழுதார். வெட்கப்பட அதில் ஒன்றுமே இல்லை. அவர் ரத்தத்தில் கார்டிசால் ஓப்பன் செய்தவருக்கு ஏறிய மாதிரியே ஏறி இறங்கியிருக்கும், தசையில் கொஞ்சம் கரைந்திருக்கும், தூக்கமும் கெட்டிருக்கும். அவர் மாமியாரிடம் நானே பேசினேன். "நீளமாக் கிழிச்சிருந்தா ஒரு மாசம் படுக்க விட்டிருப்பீங்களே அத்தை, இவங்களுக்கு ஒரு பத்து நாளாவது விடுங்க" என்றேன். கேட்டுக்கொண்டார். சொல்ல ஆள் இல்லாத வீடுகளில் எத்தனை பெண்கள் இப்படி நிற்கிறார்களோ என்று நினைத்தால் பதறுகிறது. மெல்ல நடப்பது நல்லது, நடக்கத்தான் வேண்டும். குடம் தூக்குவதும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போவதும் நடைப்பயிற்சியில் சேராது.

கடைசியாக, லேப்பில் தொடங்கி ஓப்பனுக்கு மாறுவதைப் பற்றி. தியேட்டரில் 'கன்வெர்ட்' என்போம். பித்தப்பை பழுத்து, சுற்றிலும் எல்லாம் ஒட்டிக்கொண்டு, எது பித்தப்பையின் குழாய், எது கல்லீரலிலிருந்து வரும் பொதுக் குழாய் என்று பிரித்துத் தெரியாத நிலை வரும். அந்த இடத்தில் தவறான குழாயை வெட்டினால் நோயாளிக்கு வருடக்கணக்கில் துன்பம். லேப் வந்த தொடக்க வருடங்களில் இந்த வகைக் காயம் ஓப்பன் காலத்தைவிடக் கூடியிருந்தது. அதனால் வெட்டும் முன்பு, இந்த இரண்டு குழாய்களுக்கும் கல்லீரலுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தை முழுக்கச் சுத்தம் செய்து, பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய்கள்தான் என்று கண்ணால் உறுதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்கை ஸ்டிரஸ்பெர்க் என்ற சர்ஜன் 1995-ல் வகுத்துத் தந்தார். உறுதி செய்ய முடியாவிட்டால் நிறுத்திவிட்டுத் திறப்பது நல்ல சர்ஜன் எடுக்கும் முடிவுகளில் ஒன்று. வெளியே காத்திருப்பவர்களுக்கு அது தோல்வியாகத் தெரிகிறது. கேமரான்னு சொல்லிட்டுக் கிழிச்சுட்டாங்களே என்று வராந்தாவில் சண்டையே நடந்து பார்த்திருக்கிறேன்.

கன்வெர்ட் ஆனவரை நான் வேறு கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். வாயு ஏறிய பாதிப்பும் அவருக்கு உண்டு, நீளமான கீறலின் பாதிப்பும் உண்டு. மயக்கம் தெளியும் முன்பே விலா ஓரமாக நரம்பு மரத்துப்போக ஊசி போட்டுவிடுவேன், எழுந்ததும் மூச்சு ஆழமாக இழுக்க வேண்டும் என்பதற்காக. சர்க்கரையை அடிக்கடி பார்க்கச் சொல்வேன். வெளியே வந்து வீட்டுக்காரர்களிடம், ஏன் திறந்தோம் என்பதைச் சர்ஜன் விளக்கிய பிறகு, நானும் ஒரு விஷயம் சொல்வேன்: ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. மூன்றாவது நாள் வரை ஏறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காயத்துக்கு உடம்பு சொல்லும் பதில் அது. அதற்குப் பிறகும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, இறங்கிய பிறகு மறுபடி ஏறினாலோ, காய்ச்சலோ மஞ்சள் நிறமோ வயிற்று உப்பலோ சேர்ந்து வந்தாலோ, அன்றைக்கே எங்களிடம் கேளுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும்.